ஈயம் காய்ச்சிய தெருவில் பிளாஸ்டிக் வெல்டிங்

1933ஆம் ஆண்டு அருவிக்கரையிலிருந்து கரமனை ஆற்றுத் தண்ணீர் குழாய் வழியே திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தது. வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு வந்து திறந்துவைத்தார். திட்டத்துக்கும் அவர் பெயரையே சூட்டினார்கள். அதே வருஷம் மார்ச் மாதம் இங்கிலாந்தில், ஐ.சி.ஐ. கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேறு ஒன்றுக்காகச் செய்த உயர் அழுத்தச் சோதனையில் பாத்திரத்தின் சுவரில் வெள்ளையாக, மெழுகுத்தன்மையோடு ஏதோ படிந்திருந்தது. அதுதான் பாலிஎத்திலீன். இங்கே இரும்புக் குழாய்களைப் பூமிக்குள் இறக்கிக்கொண்டிருந்த யாருக்கும் அந்தச் செய்தி எட்டியிருக்காது. இன்று அந்த இரும்பு கிடக்கும் தெருக்களிலேயே கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் இறங்குகிறது.

குழாய் மாறியது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மூட்டு மாறியது குழிக்குள் இறங்கியவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர்க் குழாயின் ஆயுள் மூட்டில் இருக்கிறது. ஆகவே மூட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அன்றைய வார்ப்பிரும்புக் குழாயின் ஒரு முனை அகலமாக வாய் விரிந்திருக்கும். அடுத்த குழாயின் ஒல்லி முனை அதற்குள் போகும். நடுவில் விரல் நுழையாத ஒரு வளைய இடைவெளி. அதில் முதலில் முறுக்கிய சணலைத் திணித்து, உளி வைத்து அடித்து உள்ளே தள்ளுவார்கள். பிறகு வாயைச் சுற்றிக் களிமண் பூசிய கயிற்றைக் கட்டி, உச்சியில் மட்டும் ஒரு சிறு வாய் விட்டு, அதன் வழியே காய்ச்சிய ஈயத்தை ஊற்றுவார்கள். ஒரே ஊற்றாக ஊற்றியாக வேண்டும். பாதியில் கரண்டி நின்றால் ஈயம் மடிந்து உறையும். பின்னாளில் ஒழுகுவது அந்த மடிப்பில்தான். 300 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மூட்டுக்கு ஏழு கிலோவுக்குச் சற்று மேல் ஈயம் பிடிக்கும். ஈயம் உருக 327 டிகிரி வேண்டும். அடுப்பும் விறகும் ஈயமும் இரும்புக் கரண்டியும் குழியோரத்திலேயே இருந்தாக வேண்டும், இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில்! குழியில் ஊறிய தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே இருந்தாலும் போதும், ஈயம் வெடித்து முகத்தில் தெறிக்கும். புகை நெஞ்சுக்குள் போவது அதற்குமேல். முகமூடி, கண்ணாடி என்ற பேச்செல்லாம் வெகுகாலம் கழித்து வந்தவை.

ஊற்றிய ஈயம் ஆறும்போது சுருங்கும். அதனால் உளியும் சுத்தியலுமாகச் சுற்றிச் சுற்றி அடித்து இறுக்க வேண்டும். அதற்கு முன், ஊற்றுவாயில் குமிழாக நிற்கும் மிச்ச ஈயத்தை வெட்டி எடுப்பார்கள். ஆக, மூட்டில் மிஞ்சியதை வெட்டி எடுக்கும் வேலை இன்றுபோலவே அன்றும் இருந்தது. வெட்டிய ஈயம் வீணாகாது. அடுத்த மூட்டுக்காக உலைக்கே திரும்பிவிடும். ஆனால் இன்றைக்கும் அன்றைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்று மிச்சம் வெளியே மட்டுமே நின்றது. சணல் குறுக்கே இருந்ததால் ஈயம் குழாயின் உட்புறத்துக்குள் இறங்கவில்லை. தண்ணீர் ஓடும் பாதை வழவழப்பாகவே இருந்தது.

நடுவில் வந்தவற்றை அதிகம் நீட்டத் தேவையில்லை. ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வந்தது, பசை தடவிச் செருகும் பி.வி.சி. வந்தது, ரப்பர் வளையத்தை வைத்துத் தள்ளினால் சேரும் இரும்புக் குழாய் வந்தது. கான்கிரீட் பிரிமோ குழாய் வெடித்து ரோடு ஓடையாகிப் போனதைத் திருவனந்தபுரத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். 1984ல் கேரள நீர் ஆணையம் உருவானது. வெள்ளயம்பலத்து ஜலபவனிலிருந்துதான் இன்றும் நகரத்தின் தண்ணீர் விவகாரம் நடக்கிறது. ஈயம் காய்ச்சும் கை மெல்ல மெல்ல இல்லாமல் போனது. பழைய வார்ப்பிரும்பு லைனில் ஒழுக்கு வந்தால் அடைக்கத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இனி இன்றைய மூட்டு. 1953ல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர், குறைந்த அழுத்தத்திலேயே பாலிஎத்திலீனை அடர்த்தியாகத் தயாரிக்க வழி கண்டார். அதற்காகவே பத்து வருஷம் கழித்து, இத்தாலியின் நாட்டாவோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எச்.டி.பி.இ. பைப் என்று கடைக்காரர் சொல்லும் கறுப்புக் குழாய் அந்த வழியில் வந்தது. வெயிலில் கெடாமல் இருக்க அதில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று கூடுதலாகக் கரித்தூள் சேர்ப்பார்கள். துருப்பிடிக்காது, உப்புக்காற்றுக்கு அஞ்சாது. சங்குமுகம், வலியதுறை போன்ற கடலோரத்து மண்ணில் இரும்பு படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். சிறிய குழாய் சுருளாக வரும். பெரியது ஆறு அல்லது பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் வரும். அதைத்தான் முனையோடு முனை வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். தளத்தில் இதற்குப் பட் வெல்டிங் என்று பெயர்.

இரண்டு குழாயையும் கிளாம்பில் நேராகப் பிடித்து, நடுவில் சுழலும் கத்தியை விட்டு இரு முகத்தையும் சீவுவார்கள். மெல்லிய நாடா நாடாவாகக் கறுப்புச் சீவல் விழும். சீவிய முகத்தை அதன்பின் கையால் தொடக் கூடாது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் போதும், மூட்டைக் கெடுக்க. பிறகு 200 டிகிரிக்கு மேல் சூடான தகட்டை நடுவில் வைத்து இரு முகத்தையும் அதில் அழுத்துவார்கள். விளிம்பு உருகிச் சற்றே சுருளத் தொடங்கியதும் அழுத்தத்தைக் குறைத்துவிட்டுச் சூடு உள்ளே ஊறும்வரை காத்திருக்க வேண்டும். சுவர்த் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய பத்து வினாடி என்பது கணக்கு. அப்புறம் தகட்டைச் சில வினாடிக்குள் உருவி எடுத்து, இரண்டு முகத்தையும் சேர்த்து அழுத்தி, அந்த அழுத்தத்திலேயே ஆற விட வேண்டும். ஈயமும் இல்லை, சணலும் இல்லை, புகையும் இல்லை. உருகிய பிளாஸ்டிக் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஒரே குழாயாகிவிடுகிறது. ஒழுங்காகச் செய்தால் குழாய் பிய்ந்தாலும் மூட்டு பிய்யாது.

அழுத்தும்போது மிகையான பிளாஸ்டிக் பிதுங்கி, மூட்டைச் சுற்றி இரட்டை உருளையாகப் புரண்டு படியும். இதைத்தான் பீட் என்கிறார்கள். வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் அதே அளவுக்குப் பிதுங்கும். வெளியே உள்ளது கண்ணுக்குத் தெரியும். உள்ளே உள்ளது தண்ணீர் போகும் வழியில் ஒரு திண்டாக உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வெளி பீட்டை வெட்டி எடுப்பது அழகுக்காகச் செய்கிற வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்லித்தான் பல இடத்தில் வெட்டாமலும் விடுகிறார்கள். நான் இதில் முழுக்க மாறுபடுகிறேன். மண்ணுக்குள் போகிற ஒரு மூட்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சாட்சி அந்த வளையம் ஒன்றுதான்.

காரணம் சொல்கிறேன். சூடு போதாமலோ, அளவுக்கு மீறி அழுத்தி உருகியதையெல்லாம் வெளியே பிதுக்கியதாலோ, தகட்டில் படிந்த தூசி மூட்டுக்குள் போனதாலோ, ஒட்டியதுபோல் இருந்தும் சரியாக ஒட்டாத மூட்டு உண்டு. தண்ணீர் விட்டு அழுத்தச் சோதனை செய்தால் அது தாங்கிவிடக்கூடும். குழியை மூடி, தார் போட்டு, பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கி, மண் கொஞ்சம் அமர்ந்த பிறகு ஒருநாள் முகத்தோடு முகம் பிரிந்துவிடும். அப்போது மூட்டுப் போட்டவர் ஊரில் இருக்க மாட்டார், ஒப்பந்தக்காரரின் பொறுப்புக் காலமும் முடிந்திருக்கும்.

பீட்டை வெட்டும் டீபீடர் என்பது கைக்கருவிதான். குழாயைக் கவ்வி உருளைகளில் சுற்றும். கொக்கிபோல் வளைந்த கத்தி ஒன்று பீட்டின் அடியில் நுழையும். ஒரு சுற்றுச் சுற்றினால் பீட் முழு வளையமாகக் கையோடு வந்துவிடும். பாதியில் அறுந்தால் கத்தி மழுங்கியது என்று பொருள். வந்த வளையத்தின் மேல்புறம் வழவழவென்று மின்னும். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அடிப்புறத்தைத் திருப்ப வேண்டும். அடி அகலமாக, கெட்டியாக, நடுவில் மூட்டுக்கோடு தெரியாமல் இருந்தால் நல்லது. அடி ஒல்லியாகி, உள்ளே பொள்ளலாகச் சுருண்டிருந்தால் அழுத்தம் மிஞ்சியிருக்கிறது, அல்லது சூடு ஊறவில்லை. பிறகு அதை ஈரத்துணி பிழிவதுபோலச் சில அங்குலத்துக்கு ஒருமுறை முறுக்கி, பின்னுக்கு வளைத்துப் பார்ப்பார்கள். நடுக்கோட்டில் கீறல் வாய் திறந்தால் உள்ளே தூசியோ எண்ணெயோ போயிருக்கிறது. அந்த மூட்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போட வேண்டும். அடுத்ததிலும் அதே கீறல் வந்தால் வேலையை நிறுத்தி மெஷினைச் சுத்தம் செய்ய வேண்டும். பிரிட்டனின் குடிநீர் நிறுவனங்களில் ஒவ்வொரு வளையத்துக்கும் மூட்டு எண்ணை எழுதிப் பத்திரப்படுத்துவது வழக்கம். வேலை தொடங்கும் முன் ஒரு வெறும் மூட்டைப் போட்டுப் பார்ப்பதும் அங்கே விதி. தகட்டின் தூசி அதோடு ஒட்டிக்கொண்டு போய்விடும்.

நம் பக்கத்துக் குழியோரத்தில் இந்தப் பேச்சு இப்படித்தான் போகும். நாகர்கோவில் பக்கத்து மூத்த பிட்டர் ஒருவரும் தொழிலுக்குப் புதிதாக வந்த பையனும்:

“அண்ணே, பீட்டத் தூரப் போட்டிரட்டா?”

“லேய், எறியாத. திருப்பிப் பாரு. அடியில கோடு தெரியுதா?”

“தண்ணி விட்டு டெஸ்ட் பண்ணினா தெரிஞ்சிரும்லாண்ணே.”

“டெஸ்ட்டுல நிக்கும்டே மக்கா. ரோடு போட்ட பொறவு நிக்குமான்னு இதத்தான் கேக்கணும்.”

ஈயம் ஊற்றியவரின் கண்ணும் உளி அடித்தவரின் காதும் அன்று செய்த சோதனையை இன்று இந்த வளையம் செய்கிறது. கைத்திறன் போய் மெஷின் வந்துவிட்டது என்பது பாதி உண்மைதான். மெஷின் சூட்டையும் அழுத்தத்தையும் காட்டும். காற்று அடித்துத் தகடு ஆறியதை, குழாயின் மறுமுனையை மூடாமல் விட்டதால் உள்ளே காற்றோட்டம் புகுந்ததை, கூடாரம் போடாமல் தூறலில் ஒட்டியதை எல்லாம் அது காட்டாது. ஆறும் நேரம் வீண் என்று சில இடத்தில் மூட்டின்மேல் குடம் தண்ணீரை ஊற்றிக் குளிரவைப்பதும் நடக்கிறது. அது மூட்டுக்குச் செய்யும் கெடுதல். வேலை மேற்பார்க்கிற பொறியாளர் ஒருவர்கூட இதைப் பொறுக்கக் கூடாது.

குழாய் ஓரிடத்தில் தடைப்பட்டால் நகரம் என்னவாகும் என்பதைத் திருவனந்தபுரம் 2024 செப்டம்பரில் கண்டது. ரயில் பாதையை இரட்டிப்பாக்குவதற்காக 500, 700 மில்லிமீட்டர் குழாய்களை இடம் மாற்றும் வேலை நினைத்த நேரத்தில் முடியவில்லை. நகரத்தின் 44 வார்டுகள் நாள்கணக்கில் தண்ணீரில்லாமல் தவித்தன. 9ஆம் தேதி பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அங்கே சிக்கல் பிளாஸ்டிக் மூட்டு அல்ல. ஆனால் குழாய் இணைக்கும் ஒரு குழியில் நேரும் தாமதம் எத்தனை வீட்டு அடுப்பங்கரையைப் பாதிக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

வெளி பீட் சாட்சி என்றால் உள் பீட் தடை. இதில் எல்லாக் குழாயும் ஒன்றல்ல. குடிநீர் அழுத்தத்தோடு பாயும் பெரிய குழாயில் உள்ளே சில மில்லிமீட்டர் திண்டு இருப்பதால் பெரிய நஷ்டமில்லை. அங்கெல்லாம் உள் பீட்டை எடுத்தே தீர வேண்டும் என்று செலவை ஏற்றுவது தேவையற்றது. கேபிள் இழுக்கும் குழாயில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கேபிளின் உறை சிராய்ந்துபோகும். பழைய குழாய்க்குள் புதுப் பிளாஸ்டிக் குழாயை நுழைத்துப் புதுப்பிக்கும்போது இரு பக்கமும் எடுக்க வேண்டும்: வெளி பீட் பழைய குழாயில் உரசி இழுக்கும், உள் பீட் ஏற்கெனவே குறுகிய வழியை இன்னும் குறுக்கும். சாக்கடைக் குழாயில் எடுக்காமல் விடுவது குற்றம் என்பேன்.

சாக்கடை தன் சரிவில் தானே ஓட வேண்டும். பல நேரம் குழாயின் அடியில் சிறு ஆழத்துக்குத்தான் நீர் இருக்கும். 12 மீட்டருக்கு ஒரு மூட்டு என்றால் நூறு மீட்டருக்கு எட்டு இடத்தில் அடியில் ஒரு படி. துணி, முடி, நாப்கின், ஓட்டல் எண்ணெய் உறைந்த கட்டி எல்லாம் முதல் படியில் தங்கும்; தங்கியதன்மேல் அடுத்தது தங்கும். கழிவுநீர்த் திட்டம் இந்த நகரத்துக்குப் புதிதல்ல, 1930களின் கடைசியில் தொடங்கியது. அந்தக் காலத்து ஸ்டோன்வேர் குழாய்கள் மேல் பூச்சு வழுக்கும் சுட்ட மண் குழாய்கள்; மூட்டில் வேர் புகுந்தது, பிளவு விட்டது, ஆனால் உள்ளே திண்டு இல்லை. அன்று வலியதுறைப் பண்ணைக்குப் போன கழிவுநீர் இன்று முட்டத்தறையில் 2013ல் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அது நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளக்கூடியது. புதுக் குழாய் போட்டு அதற்குள் நாமே திண்டு வைத்தால், அந்த நிலையத்துக்குப் போகிற வழியில் அடைப்பை நாமே விதைக்கிறோம்.

அடைப்பு என்றால் யாராவது இறங்க வேண்டும். மனிதர் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013ல் வந்தது. மேன்ஹோலைச் சுத்தம் செய்யும் பேண்டிகூட் என்ற ரோபோவைத் திருவனந்தபுரத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனத்து இளைஞர்களே உருவாக்கி, 2018ல் இந்த நகரத்திலேயே முதலில் இறக்கினார்கள். இத்தனை இருந்தும், 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியே ஓடும் ஆமையிழஞ்சான் தோடு என்ற ஓடையில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். தோடு வேறு, குழாய் வேறு என்பது உண்மை. ஆனால் நிலத்துக்கு மேலே இருப்பவர்கள் விட்டுவைத்த ஒவ்வொரு தடையையும் அகற்றக் கீழே ஒரு மனித உடல் போக வேண்டியிருக்கிறது என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆயிரம் ரோபோ வாங்குவதற்கு முன்னால், அடைப்பு வராத குழாயைப் போடுவது மேல்.

உள் பீட்டை எடுப்பது கடினமும் அல்ல. நீண்ட கம்பிகளைத் திருகி இணைத்து, நுனியில் சுழலும் கத்தி கொண்ட கருவியை மாட்டி, குழாயின் திறந்த முனை வழியே மூட்டுவரை உள்ளே தள்ளுவார்கள். 12 மீட்டர் குழாய் என்றால் கம்பியும் அவ்வளவு நீளம் வேண்டும். கத்தியை விரித்து ஒரு சுற்று. பீட் அறுந்து கருவியிலேயே மாட்டிக்கொள்ளும். இழுத்து வெளியே எடுப்பார்கள். இதை ஒவ்வொரு மூட்டுக்கும் அப்போதைக்கப்போது செய்ய வேண்டும். ஐந்தாறு குழாயை ஒட்டிவிட்டுக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கம்பி எட்டாது. அறுத்த வளையம் கைக்கு வராமல் உள்ளே கிடந்துவிட்டால் பீட் இருந்ததைவிடக் கேடு. அதனால் எத்தனை மூட்டு, எத்தனை வளையம் என்று எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும்.

இவ்வளவு பாடு வேண்டாமே என்று உலகத்தில் சிலர் பீட்டே வராத ஒட்டுமுறைக்கும் போய்விட்டார்கள். மருந்து, மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகளின் தூய நீர்க் குழாயில் சிறு இடுக்கு இருந்தாலும் கிருமி தங்கும் என்பதால், சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் பிஷர் நிறுவனம் உட்புறம் பிதுங்காத வெல்டிங் மெஷினை விற்கிறது. அது அந்தத் தொழிலின் பணத்துக்குக் கட்டுப்படியாகும். தெருக் குழாய்க்கு வெட்டுவதே வழி.

வெட்டியதை எங்கே போடுவது என்பதையும் சொல்ல வேண்டும். ஈயக் குமிழ் உலைக்குத் திரும்பியது. பிளாஸ்டிக் வளையமும் முகம் சீவியபோது விழுந்த நாடாவும் இன்று பெரும்பாலும் குழியிலேயே கிடக்கின்றன. ஒரு மழை பெய்தால் ஓடை வழியாகப் பார்வதி புத்தனாற்றுக்குப் போகும். கேரளத்தில் வீடு வீடாகப் பிளாஸ்டிக் வாங்கும் ஹரித கர்ம சேனை இருக்கிறது. வீட்டுக்காரரிடம் பால் கவரைக் கழுவித் தரச் சொல்லும் அரசு, குழாய் வேலைக்காரரிடம் இந்தச் சீவலைப் பையில் கட்டித் தரச் சொல்வதில் தவறே இல்லை.

இந்தியத் தரநிலைகள் இருக்கின்றன; குழாய்க்கு ஐ.எஸ். 4984, சாக்கடைக் குழாய்க்கு ஐ.எஸ். 14333, பதிப்பதற்கும் மூட்டுவதற்கும் ஐ.எஸ். 7634. தரநிலை அலமாரியில் இருந்தால் போதாது, குழிக்கு வர வேண்டும். நீர் ஆணையமும் மாநகராட்சியும் இனிப் போடும் ஒவ்வொரு டெண்டரிலும் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டுகிறேன்: வெளி பீட்டை வெட்டி, முறுக்கிப் பார்த்து, மூட்டு எண் எழுதி, பொறுப்புக் காலம் முடியும்வரை வைத்திருக்க வேண்டும், சாக்கடையிலும் கேபிள் குழாயிலும் பழைய குழாய்க்குள் இழுக்கும் குழாயிலும் உள் பீட்டை எடுத்தாக வேண்டும், வெட்டி எடுத்த வளையத்தின் எண்ணிக்கை மூட்டின் எண்ணிக்கைக்குச் சரியாக இருந்தால்தான் பில் பாஸாக வேண்டும். தெருவில் குழி திறந்திருக்கும்போது அந்த வழியே போகிறவர்கள், குறிப்பாக வார்டு உறுப்பினர்கள், நின்று அந்த வளையங்கள் எங்கே என்று கேளுங்கள்.